ஆச்சியின் பலாக் கன்று ஏன் சாய்ந்தது?
பக்கவேர்கள் பிறப்பதும் வழி தேடுவதும்

2009ஆம் ஆண்டு ஆடி மாதம், செட்டிகுளம் முகாமில், ஓர் ஆச்சி பலாக்கொட்டை ஒன்றை வெறும் பால்மா ரின்னில் ஊன்றினார். ரின்னின் அடியில் ஆணியால் இரண்டு துவாரம். குளிக்கக் கிடைத்த தண்ணீரில் ஒரு கோப்பையை மிச்சம் பிடித்து அதற்கு ஊற்றினார். 2010 மாரியில் வன்னியிலிருந்த தன் காணிக்குத் திரும்பியபோது கன்றும் மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்தது. ரின்னை வெட்டிக் கழற்றி, முற்றத்தின் ஓரத்தில் குழி வெட்டி, எருப்போட்டு நட்டார்.

கன்று நன்றாகத்தான் வளர்ந்தது. நாலாம் வருடம் பத்தடி உயரம் வந்துவிட்டது. ஒரு கச்சான் காற்றோடு சாய்ந்தது. நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார், மறுபடியும் சாய்ந்தது. நான் போனபோது அடிமரத்தைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். பல் ஆடுவதுபோல ஆடியது. இருவருமாகச் சுற்றிவரக் கிண்டிப் பார்த்தோம். மண்ணுக்குள் இருந்தது ஒரு வேர்த்தொகுதி என்று சொல்லமுடியாது. கொச்சக்கயிறு போன்ற தடித்த வேர்கள் ஒன்றையொன்று சுற்றி, பால்மா ரின் எந்த அளவோ அந்த அளவில், அதே உருவத்தில், ஒரு பந்தாக நின்றன. அதிலிருந்து வெளியே போனவை விரல் மொத்தத்தில் நாலைந்துதான்.

ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “ரின்னைக் கழட்டிப்போட்டுத்தான் நட்டனான் சுவாமி. மரம் இன்னும் ரின்னுக்குள்ளதான் நிக்குது” என்றார்.

வேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அதிலிருந்து மனித வாழ்வுக்கு ஒரு பாடம் எடுத்து முடிப்பது எம்போன்றவர்களுக்கு மிக இலகு. இக்கட்டுரையில் அதைச் செய்யப்போவதில்லை. ஆச்சி என்னிடம் கேட்டது பாடமல்ல. அடுத்த கன்றை எப்படி நடுவது என்பதே. அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. அதன்பின் படித்தும், விவசாயப் போதனாசிரியர்களிடம் கேட்டும், கமக்காரரோடு சேர்ந்து கிண்டிப் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மரத்தைத் தாங்குவது எது?

ஆணிவேர்தான் மரத்தைத் தாங்குகிறது என்று பொதுவாக எண்ணுகிறோம். இளங்கன்றில் அது பெருமளவு சரி. ஆனால் பயிர் வளர வளர, நீரையும் ஊட்டத்தையும் தேடிப்போவதும், காற்றுக்கு எதிராக மரத்தைப் பிடித்து நிற்பதும் பெரும்பாலும் அதன் பக்கத்தால் கிளம்பும் வேர்களே. பக்கவேர் ஒன்று, அதன் பக்கத்தால் இன்னொன்று, அதற்கும் பக்கத்தால் வேறொன்று என்று அவை கிளைத்துக்கொண்டே போகின்றன. (தென்னை, பனை, நெல், வெங்காயம் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றில் நிலையான ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து நேரே பல வேர்கள் புறப்படும். அந்த வேர்களிலும் கிளைகள் உண்டு, வெங்காயத்தில் மட்டும் மிகக் குறைவு. அதற்குப் பின்னர் வருகிறேன்.)

இக்கிளைகளின் அளவை நம்புவது கடினம். 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டிற்மர் என்னும் ஆராய்ச்சியாளர், ரை என்ற தானியப் பயிர் ஒன்றை ஏறத்தாழ ஓரடி நீளமும் ஓரடி அகலமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் உள்ள பெட்டியில் நான்கு மாதம் வளர்த்தார். பின்னர் மண்ணைக் கழுவி வேர்களை எண்ணி அளந்தார். ஒரேயொரு பயிரில் 1 கோடியே 38 இலட்சம் வேர்கள் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று முடிந்தால் 620 கிலோமீற்றருக்கு மேல் நீளம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை இந்தத் தீவின் நீளமே 430 கிலோமீற்றர் அளவுதான். ரை மரமல்ல, புல்லினம். ஆயினும் ஒரு கன்றைப் பிடுங்கும்போது கையோடு வருவது எவ்வளவு, மண்ணில் அறுந்து கிடப்பது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க இந்தக் கணக்கு உதவும்.

கரட்டில் ஒரு பாடம்

பக்கவேர் எங்கே பிறக்கிறது? கிளை என்றால் அரும்பு வெளித்தோலில் தெரியும். தண்டில் இலைக்கக்கத்தில் அரும்பு வைத்துக் கிளை வெடிப்பதைக் கண்டிருக்கிறோம். வேரில் அப்படியல்ல. பக்கவேர் தாய்வேரின் உள்ளே, மிக ஆழத்தில் பிறந்து, தாயின் சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இதைக் காண உருப்பெருக்கி வேண்டியதில்லை. ஒரு கரட்டைக் குறுக்கே வட்டமாக வெட்டிப் பாருங்கள். நடுவில் மங்கலான ஒரு மையம், அதைச் சுற்றிச் சிவந்த சதை. வெட்டு சரியான இடத்தில் விழுந்தால் மையத்திலிருந்து தோல்வரை மெல்லிய கோடொன்று ஓடும். அதுவே ஒரு பக்கவேரின் அடி. கரட்டின் வெளித்தோலில் வரிசையாகக் காணும் தழும்புகள் அவை வெளியேறிய வாசல்கள்.

வேரின் நடுவில் நீர் ஏறும் குழாய்களும் உணவு இறங்கும் குழாய்களும் உள்ளன. அவற்றைச் சுற்றி வேலிபோல ஒற்றை வரிசைக் கலங்கள் நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் இதைப் பரிவட்டவுறை என்பர். மற்றக் கலங்கள் வளர்ந்து முதிர்ந்து தம் வேலையில் அமர்ந்த பின்னும், இவ்வரிசையிற் சில கலங்கள் மீண்டும் பிரியும் வல்லமையை இழப்பதில்லை. நேரம் வரும்போது அவை இரண்டாய், நாலாய்ப் பிரிந்து ஒரு சிறு குவியலாகும். அக்குவியல் வெளிநோக்கித் தள்ளும். நெல், சோளம் போன்ற புல்லினங்களில் அடுத்த வரிசையான அகத்தோலும் இதற் பங்கெடுக்கிறது.

நேரம் வந்துவிட்டது என்று சொல்வது யார்? ஒட்சின் என்னும் ஓமோன். தாவரம் தானே செய்யும் இச்சாறு, தளிரிலும் இளம் இலையிலும் பெருமளவு உண்டாகி, தண்டின் வழியே வேருக்கு இறங்குகிறது. வேர்நுனியிலும் ஓரளவு உண்டாகிறது. எந்தக் கலத்தில் அது சேர்கிறதோ அந்தக் கலம் பிரியத் தொடங்கும். குவியல் வெளியே தள்ளும்போது அதே ஒட்சின் மேலேயுள்ள கலங்களுக்கும் போய்ச் சேர, அவை சுருங்கியும் இடைச்சுவரைத் தளர்த்தியும் வழி விடுகின்றன. எனவே தாய்வேர் கிழிபடுவதில்லை. தானே வாசல் திறந்துவிடுகிறது.

இதிலிருந்து கைவேலைக்குரிய ஒரு விடயம் உடனே கிடைக்கிறது. மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று நடும்போது வாடாமலிருக்க இலை கிள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அடியிலுள்ள முற்றல் இலை இரண்டைக் கிள்ளுவதால் தீங்கில்லை. தளிரைக் கிள்ளிவிட்டால் வேருக்குப் போகும் செய்தியை ஊற்றிலேயே அடைக்கிறோம். கிளை வெடிக்கவேண்டும் என்று நுனி கிள்ளுவதாயின், நாற்று வேரூன்றிப் புதுத்தளிர் காட்டிய பின்னர் செய்யலாம்.

நாற்றுப் பிடுங்கும்போது ஆணிவேர் அறுந்துவிட்டதே என்று கவலைப்படுவோரும் உண்டு. வேர்நுனி தன் பின்னால் பக்கவேர்கள் அதிகம் கிளம்பாதவாறு அடக்கி வைத்திருக்கும். நுனி போனால் அந்த அடக்கம் போய்விடும். மேலிருந்து வரும் ஒட்சின் வெட்டுவாயின் அருகே தேங்கும். சில நாட்களில் அவ்விடத்தில் பக்கவேர்கள் கூட்டமாக வெடிக்கும். மிளகாய் நாற்று நட்டுப் பிழைப்பது இதனால்தான். ஆனால் இதற்கொரு விலை உண்டு. நாற்று நட்ட மிளகாயின் வேர் மேலோட்டமாக அகன்று பரவும். நேரே விதைத்த மிளகாயின் வேர் ஆழம் போகும். வாடகைக்கு எடுத்த மெசினால், அதுவும் முறைக்கு முறை, தண்ணீர் இறைப்பவர் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும். நாற்று நடுவதாயின் முதல் இரண்டு மூன்று வாரமும் இறைப்புத் தவறக்கூடாது. அதற்கு உறுதியில்லாத இடத்தில், முளைப்புக்குப் போதிய மழை உள்ள காலத்தில் நேரே விதைத்துக் கலைத்துவிடுவதையும் யோசிக்கலாம்.

ஈரம் எந்தப் பக்கம்?

வேர் நுனிக்கு ஒருவகை உணர்வு உண்டு என்பதைச் சாள்ஸ் டார்வின் தம் மகன் பிரான்சிசுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். சிறு பிராணிக்கு மூளை எப்படியோ அப்படி வேருக்கு அதன் நுனி என்பது அவர் கருத்து. அக்காலத்திற் பலர் சிரித்தனர். இப்போது நாம் அறிவது அவர் சொன்னதிலும் வியப்பானது: நுனி மட்டுமல்ல, வேரின் ஒவ்வொரு பக்கமும் தான் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அறிகிறது.

2014இல் அமெரிக்க, பிரித்தானிய ஆராய்ச்சியாளர் ஒரு வேரின் ஒரு பக்கம் ஈரத்தையும் மறுபக்கம் காற்றையும் தொடும்படி வளர்த்துப் பார்த்தனர். பக்கவேர்கள் ஈரப் பக்கத்தில் மட்டுமே பிறந்தன. சோளத்திலும் நெல்லிலும் அப்படியே. மயிரளவு மொத்தமுள்ள வேர், தன் இடப்பக்கம் ஈரமா வலப்பக்கம் ஈரமா என்று பிரித்தறிகிறது!

அடுத்து, வேர் மண்ணிலுள்ள ஒரு வெற்றிடத்தைக் கடந்துபோனால் என்ன நடக்கும்? அந்த இடைவெளியில் அது கிளைவிடுவதை முற்றாக நிறுத்திவிடுகிறது. மறுபக்கம் ஈரமண்ணைத் தொட்டதும் மீண்டும் கிளைவிடுகிறது. இதன் காரணம் 2022இல் விளக்கப்பட்டது. வெளியே ஈரம் இல்லாதபோது, வேரின் நுனிக்கு வேண்டிய நீர் உட்குழாயிலிருந்து வெளிப்பக்கமாகக் கசிகிறது. அந்நீரோடு அப்சிசிக் அமிலம் என்னும் வேறொரு ஓமோனும் வந்து, கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள நுண்வாசல்களை அடைக்கிறது. ஒட்சின் போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமற் போகிறது, பக்கவேர் பிறப்பதில்லை. ஈரம் கிடைத்ததும் வாசல் திறக்கிறது.

இனி நம் நடுகுழியை நினைத்துப் பாருங்கள். காய்ந்த மண்கட்டிகளை அப்படியே தள்ளி மூடினால் கட்டிக்கும் கட்டிக்கும் இடையில் எல்லாம் வெற்றிடம். வேர் அதற்குள் போகும், ஆனால் கிளைக்காது. நட்ட பின் மண்ணைக் கைக்குத்தால் அமுக்கி, உடனே ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றி, தாழ்ந்த இடத்தில் பின்னும் பொடிமண் போடவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதன் பொருள் இதுதான். தண்ணீரின் வேலை தாகம் தீர்ப்பது மட்டுமல்ல. மண்ணை வேரோடு ஒட்டவைப்பதும் அதன் வேலை.

இன்னொன்று. கன்றின் அடித்தண்டிலேயே நாள்தோறும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். ஈரம் எங்கேயோ பக்கவேர் அங்கே. அடிமரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் வேர்கள் நெருங்கிக் கிடக்க, அப்பால் ஒன்றும் போவதில்லை. முதல் மாதம் அடியில் ஊற்றுங்கள். பின்னர் பாத்தியை மெல்ல மெல்ல அகலித்து, இலை விளிம்பின் நேர்கீழே நீர் விழும்படி செய்யுங்கள். நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதிலும் நாலு நாளுக்கொருமுறை இரண்டு வாளி ஊற்றுவது நல்லது. ஈரம் ஆழம் போகும், வேரும் போகும். கடும் மணற்றரையில் இது பொருந்தாது. அங்கே நாட்களைக் குறைத்துக் கொள்ளவேண்டும். வைக்கோல், காய்ந்த பனையோலை, குழை எதுவானாலும் பாத்தியில் மூடாக்குப் போட்டால் மேல்மண்ணின் பக்கவேர்கள் வெயிலிற் சாகாமல் இருக்கும்.

நீர் தேங்கினாலும் கேடுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். தேங்கிய நீரில் ஒட்சிசன் தீர்ந்துபோக, ஆழவேர்கள் முதலில் அழுகும். நெல் தப்புவது அதன் வேருக்குள் காற்றறைகள் இருப்பதால். மிளகாய்க்கு அந்த வசதியில்லை.

ஒரு கைப்பிடி பசளை

1975இல் இங்கிலாந்தில் ட்ரூ என்பவர் பார்லிப் பயிரின் வேர்களை மேல், நடு, கீழ் என மூன்று பகுதியாகப் பிரித்து, நடுப்பகுதிக்கு மட்டும் நிறைய நைத்திரேற்றுக் கொடுத்தார். மேலும் கீழும் பக்கவேர்கள் மெலிந்து குறுகி நிற்க, நடுவில் மட்டும் தாடிபோல அடர்ந்து வளர்ந்தன. அமோனியத்துக்கும் பொசுபேற்றுக்கும் அப்படியே. பொற்றாசியத்துக்கு மட்டும் இவ்வாறு ஓரிடத்தில் அடரவில்லை.

நைத்திரேற்றை உள்ளே எடுக்கும் வாசற்காவலன் போன்ற ஒரு புரதம், நைத்திரேற்று இல்லாத வேளையில் இளம் பக்கவேரின் நுனியிலிருந்து ஒட்சினை வெளியே கடத்திக்கொண்டிருக்கும் என்று 2010இல் பிரான்சில் கண்டறிந்தனர். நைத்திரேற்று வந்ததும் அது கடத்துவதை நிறுத்துகிறது, ஒட்சின் நுனியில் சேர்கிறது, வேர் நீள்கிறது. உணவு உள்ள இடத்தில் மட்டும் செலவு செய்வது பயிரின் சிக்கனம்.

ஆனால் எங்கு பார்த்தாலும் நைத்திரேற்று மிதமிஞ்சிக் கிடந்தால்? அப்போது பக்கவேர்கள் வெளியே எட்டிப் பார்த்த அளவிலேயே தங்கிவிடுகின்றன. யூரியா கூடினால் மேலே கரும்பச்சையாகத் தழைத்து, கீழே வேர் குறைந்து, ஒரு வாரம் தண்ணீர் தவறியதும் பயிர் துவண்டுபோவதைப் பல தோட்டங்களிற் கண்டிருக்கிறேன்.

வெங்காயத்தைத் தனியே சொல்லவேண்டும். அதன் வேர்கள் நூல்போன்றவை. கிளை மிகக் குறைவு, வேர்மயிரும் குறைவு, பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே நிற்பவை. இத்தகைய பயிருக்கு ஒரே தரத்தில் யூரியாவை அள்ளிப்போட்டு வாய்க்கால் நிரம்ப இறைத்தால், யூரியா சில நாளில் நைத்திரேற்றாகி, தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அதைக் கீழே பிடிக்க வெங்காயத்துக்கு வேரில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கீழேயுள்ளது சுண்ணாம்புக்கல். அதற்குக் கீழே நாம் குடிக்கும் தண்ணீர். தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறியிருப்பதை 1980கள் முதலே ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. அத்தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு இரத்தம் ஒட்சிசனைக் காவமுடியாமல் உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. எனவே யூரியாவைப் பிரித்துப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக, இறைப்பை அளவோடு வைத்துப் போடுங்கள். வெங்காயத்துக்குப் பின் அதே தறையில் சோளம், குரக்கன் போன்ற ஆழவேர்ப் பயிரைப் போட்டால், கீழே இறங்கியதில் ஒரு பங்கையாவது திரும்ப எடுக்கலாம்.

பொசுபரசின் குணம் நேர்மாறு. அது இருந்த இடத்தைவிட்டு அசையாது. சில மில்லிமீற்றர் நகர்ந்தாலே பெரிது. நம் செம்மண்ணில் இரும்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகிவிடும். அது வேரிடம் வராது; வேர்தான் அதனிடம் போகவேண்டும். அதனால் பொசுபரசு குறைந்த மண்ணில் பல பயிர்கள் கீழே போவதைக் குறைத்து, மேல்மண்ணில் பக்கவேர்களையும் வேர்மயிர்களையும் பெருக்குகின்றன. பூசணங்களையும் வேரில் குடியிருக்க விடுகின்றன. பூசண நூல்கள் வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசைக் கொண்டுவரும். வெங்காயம் பெரிதும் நம்பியிருப்பது இந்தக் கூட்டாளியையே.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டதையும், அவ்வாண்டு இறுதிக்குள் தடை தளர்ந்த பின்னரும் விலை எட்டாத உயரத்தில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அரை மூடை ரி.எஸ்.பி. மட்டும் கையில் உள்ளவர் அதை வயல் முழுவதும் வீசினால் பெரும்பங்கை மண்ணே வைத்துக்கொள்ளும். எருவோடு கலந்து, நடும் சாலில், நாற்றின் பக்கத்தில் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி இடுங்கள். பக்கவேர்கள் அங்கே கூடும். யூரியாவை இப்படி வேரோடு ஒட்ட இடவேண்டாம், வேர் கருகும்.

பயறு, உழுந்து, கௌபியின் வேர்முடிச்சுகளும் இக்கதையில் அடங்கும். பற்றீரியா குடியிருக்கும் அச்சிறு வீடுகளைக் கட்டுவதற்கு அவரையினங்கள் பக்கவேரை உண்டாக்கும் அதே ஒழுங்கைத்தான் இரவல் வாங்கியுள்ளன என்பது 2019இல் தெளிவானது.

இறுகிய நிலம்

மீள்குடியேறியோர் பலர் சொன்ன முறைப்பாடு: “முந்தி இந்த நிலத்தில மண்வெட்டி வெண்ணெயில இறங்கின மாதிரி இறங்கும். இப்ப அலவாங்கும் துள்ளுது.” கனரக வாகனம் ஓடிய நிலம், பல வருடம் கொத்தாமல் மாடு மிதித்த நிலம் இறுகும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் தானாகவே கல்லாகும் இயல்புடையது.

இறுகிய மண்ணில் வேர் ஏன் நிற்கிறது? தள்ளப் பலமில்லாததால் என்றே நெடுங்காலம் எண்ணினர். 2021இல் பிரித்தானிய, சீன ஆராய்ச்சியாளர் வேறொன்றைக் கண்டனர். வேர் எப்போதும் எதிலீன் என்ற வாயுவை மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறது. நல்ல மண்ணில் அது துவாரங்களின் வழியே கலைந்துபோகும். இறுகிய மண்ணில் போக வழியின்றி வேர்நுனியைச் சூழ்ந்து தேங்கும். “இங்கே இடமில்லை” என்ற செய்தியாக அதையே எடுத்துக்கொண்டு வேர் தன் வளர்ச்சியை நிறுத்துகிறது. எதிலீனை உணரமுடியாத நெல் வகையை அதே இறுகிய மண்ணில் வளர்த்தபோது அதன் வேர் உள்ளே இறங்கிப்போனது. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டு மூடுகிறோமே, அந்தப் புகையிலிருந்து பழுக்கவைப்பதும் இதே எதிலீன்தான். மூடிய இடத்தில் அது எவ்வளவு வேலை செய்யும் என்பதை நம் வீடுகளில் எப்போதோ அறிந்திருந்தோம், பெயர் தெரியாமல்.

ஆகவே நிலத்துக்கு வேண்டியது மென்மை மட்டுமல்ல, துவாரம். முதல் மழை இரண்டு விழுந்து மண் பதமான பின் கொத்துங்கள். காய்ந்தபோது கொத்தினால் கட்டி கிளம்பும், சேறாக இருக்கும்போது கொத்தினால் அடியில் இன்னும் இறுகும். குழை தாழ்த்துங்கள்: பூவரசு, கிளிசரிடியா, எது கிடைக்குமோ அது. ஒரு போகத்துக்குச் சணலோ துவரையோ போட்டு, தண்டை வெட்டி மூடாக்காக்கி வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள். உக்கிய வேரின் சுவடும் மண்புழுவின் துளையும் அடுத்த பயிரின் பக்கவேருக்கு ஆயத்தமான பாதைகள். ஒரு போகம் மட்டும் குத்தகைக்குக் கிடைத்த நிலத்தில் இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது என்பதை அறிவேன். அப்படியான இடத்தில் வயல் முழுவதையும் விட்டுவிட்டு, நடும் குழிகளை மட்டும் அகலமாக வெட்டி எருவிடுவது போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில், அயலவர் கொத்தினார் என்பதற்காக, ஒருவரும் அலவாங்கு இறக்கவேண்டாம்.

மீண்டும் ஆச்சியின் முற்றத்துக்கு

ரின்னுக்குள் நடந்தது இப்போது விளங்கும். ஆணிவேர் அடித்தகரத்தை முட்டி வளைந்தது. வளைந்த வேரின் புறவளைவிலேயே பக்கவேர்கள் பிறக்கும் என்பது 2008இல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிசெய்த விடயம். வளைவில் ஒட்சின் அந்தப் பக்கம் சேர்கிறது. திறந்த மண்ணில் இது நல்ல ஏற்பாடு. கல்லொன்றைச் சுற்றிப்போகும் வேர், கல்லுக்கு எதிர்ப்பக்கமாகக் கிளைவிடும். ரின்னுக்குள் புறவளைவு முழுவதும் தகரம். பிறந்த ஒவ்வொரு பக்கவேரும் தகரத்தை முட்டி, திரும்பி, வட்டத்தில் சேர்ந்துகொண்டது. பதினாறு மாதம் அப்படி ஓடியபின் வேர்கள் மரமாகி இறுகிவிட்டன. மரமான வேர் நிமிராது. நட்டபின் சில புதுவேர்கள் வெளியே போனாலும், மரம் நின்றது வட்டத்தின் மேல். வேர்கள் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரித்தன.

பொலித்தீன் பையிலும் இதுவேதான். நாங்களே ஒருமுறை மாங்கன்றுகளை வரவழைத்து, மழை பிந்தியதால் ஒரு வருடத்துக்கு மேல் பையிலேயே வைத்திருந்து கொடுத்தோம். வளர்ந்த கன்று என்று சனம் விரும்பி வாங்கியது. உயரத்தைப் பார்த்தோமேயன்றி ஒரு பையைக்கூடக் கிழித்துப் பார்க்கவில்லை. அவற்றிற் பல ஐந்தாறு வருடத்துக்குள் போய்விட்டன. வாங்கியவர்கள் தண்ணீர் விடாததே காரணம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

கன்று வாங்குவோர் உயரத்தைப் பார்க்கவேண்டாம். பையின் அடியைப் பாருங்கள். மூன்று நாலு மாதக் கன்றாக, பென்சில் மொத்தத் தண்டோடு இருந்தால் அதுவே நல்லது. நடும்போது பையை முற்றாக நீக்குங்கள். அடியை மட்டும் கிழித்துவிட்டு நடுவோர் இன்னும் இருக்கிறார்கள். வேர் சுற்றத் தொடங்கியிருந்தால், மண்பந்தின் அடியில் அரை அங்குலத்தைக் கூரிய கத்தியால் சீவிவிட்டு, பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று இடத்தில் ஓரளவு கீறிவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து புதுப் பக்கவேர்கள் வெளிநோக்கிப் போகும். மாவுக்கும் தோடைக்கும் இது சரிவரும். வேர்கள் விரல் மொத்தமாகிவிட்ட கன்றுக்கு இந்த வைத்தியம் பயன்படாது. வீட்டில் பைக்கன்று வளர்ப்போர் பைகளை நிலத்தில் வைக்காமல் தடிகளின் மேல், அடியில் காற்றோட நிரைத்து வையுங்கள். அடித்துவாரத்தால் எட்டிப்பார்க்கும் நுனி காற்றிற் காய்ந்து நிற்க, உள்ளே பக்கவேர்கள் பெருகும்.

பலாவைப் பொறுத்தவரை பை, ரின் எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். அதன் ஆணிவேர் விரைந்து நீள்வது; இடம் மாற்றினால் கோபிப்பது. பழம் தின்ற வாரத்திலேயே, கொட்டை காயமுன், நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்றாக ஊன்றிவிட்டு, நல்லதொன்றை விடலாம். மாரி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதும் ஆட்டிடமிருந்து காப்பதுமே வேலை.

ஆச்சி அப்படித்தான் செய்தார். சாய்ந்த மரத்தை வெட்டி விறகாக்கிவிட்டு, அதிலிருந்து நாலு பாகம் தள்ளி, அடுத்த பலாப்பழக் காலத்தில் மூன்று கொட்டை ஊன்றினார். ஒன்று நிற்கிறது. சென்ற முறை நான் போனபோது கத்தரிப் பாத்திக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றவர் கையால் கூப்பிட்டார். மரத்திலிருந்து பதினைந்தடி தள்ளி, பெருவிரல் மொத்தத்தில் மஞ்சள் நிறமாக ஒரு வேர் மண்வெட்டியில் அறுபட்டுப் பால் வடிந்துகொண்டிருந்தது.

“வெட்டிப்போட்டன் சுவாமி. மரத்துக்கு என்னவும் செய்யுமோ?”

“ஒண்டுமில்லை ஆச்சி. வெட்டின இடத்துக்குக் கிட்ட இனி நாலைஞ்சாக் கிளைக்கும். நீங்கள் மண்ணைப் போட்டு மூடிவிடுங்கோ.”

மூடிவிட்டு, வாய்க்காலை அந்த இடத்தில் ஒரு முழம் விலத்தி வெட்டத் தொடங்கினார்.